சாட்டர்ன் 5 மாதிரி: எந்த வரைபடத்தை நம்புவது?

கேள்வி: அப்போலோ நிலவுப் பயணங்களின் சாட்டர்ன் 5 ராக்கெட்டை 1:96 அளவில் அட்டையில் செய்ய ஆசை. கிடைத்த வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எதைப் பின்பற்றுவது?

பதில்: அவை ஒரே ராக்கெட்டின் படங்களாக இல்லாமல் இருக்கலாம். எந்தப் பயணத்தின் ராக்கெட் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் தனி எண் உண்டு: அப்போலோ 8-ஐ ஏவியது எஸ்ஏ-503. அப்போலோ 11-ஐ ஏவியது எஸ்ஏ-506. கடையில் விற்ற பழைய மாதிரிகள் பலவற்றின் வண்ணம் எஸ்ஏ-500எஃப்-ஐப் பார்த்துப் பூசியது. அதுவோ பறக்கவே இல்லை. 1966-இல் ஏவுதள வசதிகளைச் சரிபார்க்க நிறுத்தப்பட்டது. அதன் முதல் அடுக்கில் எரிபொருள் தொட்டிக்கும் திரவ ஆக்சிஜன் தொட்டிக்கும் நடுவே இருந்த கறுப்புப் பகுதி வெயிலில் சூடேறியதால், பறந்த ராக்கெட்டுகளில் அதை வெள்ளையாக்கிவிட்டார்கள். வண்ணத்துக்கு அந்தந்தப் பயணத்தின் புகைப்படங்களே சாட்சி.

நூல் என்றால், 1968-இல் வெளிவந்த எஸ்ஏ-503 பறப்புக் கையேடு. நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது இயக்குபவர்களுக்காக எழுதியது. குழாய்களும் மின்சுற்றுகளும் எப்படி இணைகின்றன என்று காட்டும் படங்களில் ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். அச்சிட்ட எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தியாளர்களுக்குத் தந்த தொகுப்புகள் படிக்கச் சுவையானவை, வெட்டி ஒட்ட உதவாதவை.

வரைபடத்தின் ஓரத்தில் காணும் ‘ஸ்டேஷன்’ எண்கள் உயரத்தைக் குறிக்கும் அங்குலங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்: பூஜ்யம் ராக்கெட்டின் அடிமுனையில் இல்லை. முதல் அடுக்கின் எஃப்-1 எஞ்சின்கள் திசை மாற்றத் திரும்பும் மூட்டுகளின் மட்டம்தான் ஸ்டேஷன் 100. நாசிலின் (எஞ்சினின் அடியில் வாயு வெளியேறும் கூம்பின்) வாய் பூஜ்யத்துக்கும் கீழே, எதிர்மறை எண்ணில் வரும். ஆகவே எந்தப் பகுதியின் உயரத்துக்கும் மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள்.

முதல் இரண்டு அடுக்குகளின் விட்டம் 396 அங்குலம். உங்கள் அளவில் 104.8 மி.மீ. மூன்றாம் அடுக்கு 260 அங்குலம், அதாவது 68.8 மி.மீ. முதல் அடுக்கின் சுற்றளவு 329 மி.மீ. வருவதால் ஏ4 தாளின் 297 மி.மீ. நீளத்தில் அடங்காது; இரண்டாக வெட்டி ஒட்ட வேண்டும். 1:144 என்றால் ஒரே தாள் போதும், உயரமும் 115 செ.மீ.-க்குப் பதில் 77 செ.மீ.தான். முதல் முயற்சி என்றால் நான் அதையே சொல்வேன்.

அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்குங்கள். ஸ்கேன் செய்த பக்கங்கள் ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருப்பதும் உண்டு. வெட்டுமுன் நீளம், அகலம் இரண்டிலும் தெரிந்த ஓர் அளவைச் சரிபாருங்கள்.