சீடை வெடிக்குது, மாவு பொங்கமாட்டேங்குது: அடுப்படிக் கேள்விகளும் பதில்களும்

கோகுலாஷ்டமி நெருங்கிவிட்டாலே வருகிற கேள்விகளில் பாதி சீடையைப் பற்றித்தான் இருக்கும். இந்தத் தடவையும் அப்படியே. விசேஷ வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறவள் என்பதால் எனக்கும் அதைப் பற்றிப் பேசத்தான் ஆசை. அதனால் சீடையை முதலில் வைத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

அக்கா, போன வருஷம் உப்புச் சீடை வெடிச்சு எண்ணெய் சுவரெல்லாம் தெறிச்சுது. மாமியார் இந்த வருஷம் கடையில வாங்கிடலாம்னு சொல்றாங்க. நான் விடமாட்டேன். என்ன செய்யணும்? (கரூர்)

விடாதீர்கள். ஆனால் ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துகொண்டு அடுப்பை மூட்டுங்கள்.

எண்ணெயில் விழுந்ததும் சீடையின் மேல்பக்கம் இறுகி ஓடு மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லையென்றால் ஓட்டைப் பிளந்துகொண்டுதான் வரும். ஆகவே நம் வேலை இரண்டு: உள்ளே ஈரம் ஓரிடத்தில் தேங்கக் கூடாது, ஆவி வெளியேற வழி இருக்க வேண்டும்.

ஈரம் தேங்குவது மாவில் இருக்கிற கட்டியாலும் குருணையாலும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, அரைத்து, சல்லடையில் சலியுங்கள். பிறகு வெறும் வாணலியில் லேசாக வறுத்து இன்னொரு முறை சலியுங்கள். இரண்டாவது சலிப்பைச் சோம்பல்பட்டு விடுகிறவர்கள் வீட்டில்தான் பெரும்பாலும் வெடிக்கிறது. உளுத்தம்பருப்பை வாசனை வரும்வரை சிவக்க வறுத்து, நைஸாக அரைத்து, அதையும் சலிக்க வேண்டும். ஒரு டம்ளர் அரிசி மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி உளுத்தமாவு போதும். கல் உப்பை அப்படியே போடாதீர்கள். தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். தேங்காய்த் துருவலை வாணலியில் ஒரு புரட்டு புரட்டி ஈரத்தை எடுத்துவிடுங்கள். எள்ளைக் கழுவினால் நன்றாக உலர்ந்த பிறகே சேர்க்கலாம்.

இப்போது உருட்டுவது. கோலிக்குண்டு மாதிரி வழவழப்பாக, அழுத்தி உருட்டினால் அழகாக இருக்கும், ஆபத்தும் அதில்தான். விரல் நுனியால் லேசாக உருட்டி, மேலே சின்னச் சின்ன வெடிப்பு தெரிகிற மாதிரி விடுங்கள். அந்த வெடிப்புதான் ஆவிக்கு வாசல். உருட்டியதைப் பழைய வேட்டியில் பரப்பிக் கால் மணி நேரம் உலரவிடுங்கள். இன்னும் பயமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து.

வாணலியில் எண்ணெய் பாதிக்கு மேல் வேண்டாம். முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டு, இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். அது சத்தம் அடங்கி நிறம் மாறி வந்தால் அடுத்த ஈடு போடலாம். அதுவே வெடித்தால் மாவை மறுபடி சலிக்க முடியாது. இருக்கிற மாவைத் தட்டையாகத் தட்டி, முள்கரண்டியால் குத்தித் தட்டையாகவே பொரித்துவிடுங்கள். கிருஷ்ணருக்கு அதுவும் பிடிக்கும். தீ எப்போதும் மிதமாகவே இருக்கட்டும். குழந்தைகளை அடுப்படிப் பக்கமே விடாதீர்கள். இதில் மட்டும் சமாதானமே கிடையாது.

வெல்லச் சீடை எண்ணெயில் போட்டதும் கரைஞ்சு போகுதே? (திருவாரூர்)

பாகு இளகலாக இருந்திருக்கும், அல்லது மாவு போதாது. மீதி மாவில் வறுத்த அரிசி மாவு இரண்டு கரண்டி சேர்த்துப் பிசைந்து, ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

ஆன்ட்டி, நான் நாலாம் வகுப்பு. பூரி ஏன் உப்புது? அப்பளம் ஏன் அப்படி உப்புறதில்லை? (அம்மாவின் போனிலிருந்து, மதுரை)

வந்த கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், தங்கம். பூரி மாவில் தண்ணீர் இருக்கிறது அல்லவா? எண்ணெய்ச் சூட்டில் அது ஆவியாகும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேலே இடம் கேட்கும். பூரியின் இரண்டு பக்கமும் சட்டென்று வெந்து தோலாகிவிடுவதால் ஆவி நடுவில் மாட்டிக்கொண்டு பூரியைத் தூக்கிவிடுகிறது. மேலே சீடையைப் பற்றிச் சொன்னேனே, அங்கேயும் இதே ஆவிதான். கோதுமை மாவு ரப்பர் மாதிரி இழுபடும், அதனால் பூரி உப்பும். அரிசி மாவு இழுபடாது, அதனால் சீடை வெடிக்கும்.

அப்பளத்தைக் காயவைத்து எடுத்து வைப்பதால் அதில் ஈரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச ஈரமும் அங்கங்கே கொப்புளமாக வந்துவிட்டுப் போய்விடும். அடுத்த முறை அம்மா பூரி போடும்போது தள்ளி நின்று கவனி. கரண்டியால் லேசாக அமுக்கி, மேலே எண்ணெயைத் தெளித்துவிடுவார்கள். அப்போது மேல்தோலும் சீக்கிரம் வெந்து பூரி முழுசாக உப்பும்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை: மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஒரு ஸ்பூன் ரவை சேருங்கள். உப்பின பூரி சீக்கிரம் அமுங்காது, எண்ணெயும் குடிக்காது.

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன் அக்கா. ஜனவரியில் இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் பொங்குவதில்லை. என் கையில் சூடு இல்லை, அதனால்தான் புளிக்கவில்லை என்று ஊரிலிருந்து அத்தை சொல்கிறார். உண்மையா?

அத்தை அன்பாகச் சொல்வதை மறுக்க எனக்கு மனசில்லை. ஆனாலும் உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடுமே வருகின்றன. அதில் முக்கியமானது லியுகோநாஸ்டாக் என்கிற பாக்டீரியா. அது விடுகிற வாயுவை, நன்றாக அரைபட்ட உளுந்தின் பிசுபிசுப்புப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் மாவு உயர்கிறது. அதற்கு வேண்டியது நம் ஊர் வெயில்கால இரவு மாதிரி ஒரு சூடு, 28லிருந்து 32 டிகிரி வரை.

அங்கே ஓவனை மூட்டாமல், உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், யாராவது தெரியாமல் அதை மூட்டிவிடப் போகிறார்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், பொங்கினால் வழியும். அடியில் ஒரு தட்டு இருக்கட்டும்.

அரைக்கிறதிலும் விஷயம் இருக்கிறது. மிக்ஸியா, கிரைண்டரா என்று நீங்கள் எழுதவில்லை. கிரைண்டர் என்றால் இட்லி அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு டீஸ்பூன் வெந்தயம். மிக்ஸியில் உளுந்து அவ்வளவாகக் காணாது, அதாவது மாவு பெருகாது, அதனால் மூன்றுக்கு ஒன்று போடுங்கள். மிக்ஸி பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவு சூடாகிவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். உடைத்த உளுந்தை விட முழு உளுந்து நன்றாகக் காணும். போன வருஷத்து உளுந்து என்றால் எவ்வளவு அரைத்தாலும் பொங்காது, ஆகவே கடையில் பாக்கெட்டின் தேதியைப் பாருங்கள். அரைத்த உளுந்தில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் போதும், மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். மெதுவடைக்கும் இதே சோதனைதான்.

பொங்கிய மாவை மேலும் கீழும் போட்டுக் கலக்காதீர்கள். ஓரத்திலிருந்து கரண்டியால் அள்ளி அப்படியே இட்லித் தட்டில் ஊற்றுங்கள்.

சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு. உருளைக்கிழங்கு போட்டா உப்பை இழுத்துக்கும்னு சொல்றாங்களே? (ஆவடி)

கிழங்கு, உப்புள்ள தண்ணீரைத்தான் கொஞ்சம் இழுக்கும். மிச்சம் இருக்கிற சாம்பாரின் உப்பு அப்படியேதான் இருக்கும். வெந்த பருப்பு இன்னும் ஒரு கிண்ணம், வெந்நீர் கொஞ்சம் விட்டுக் கொதிக்கவிடுங்கள். அளவு கூடினால் உப்பு தானாகக் குறையும். கூடின சாம்பாரை மறுநாள் காலை இட்லிக்கு வைத்துக்கொள்ளலாம்.

புளிக்குழம்பில் உருளைக்கிழங்கு அரை மணி நேரம் கொதித்தும் கடக்முடக் என்றே இருந்தது. கிழங்கில் கோளாறா? (நாமக்கல்)

கிழங்கைக் குறை சொல்லாதீர்கள். புளிப்பு இருக்கிற தண்ணீரில் காய் இளகவே இளகாது. காயின் அணுக்களை ஒட்டவைத்திருக்கிற பெக்டின் புளிப்பில் கரைவது ரொம்ப மெதுவு. அதனால் கிழங்கோ முருங்கைக்காயோ, தண்ணீரில் முக்கால் பதம் வெந்த பிறகு புளியைக் கரைத்து விடுங்கள். துவரம்பருப்பும் அப்படித்தான். புளியோடு போட்டால் மசியாது.

இதையே நமக்குச் சாதகமாகவும் வைத்துக்கொள்ளலாம். கத்திரிக்காய் குழையாமல் முழுசாக நிற்க வேண்டுமென்றால் புளியை முன்னாலேயே விடுங்கள். எண்ணெய்க் கத்திரிக்காய் குழம்பில் காய் உடையாமல் நிற்பதற்குப் புளியும் ஒரு காரணம்.

மாற்றலாகி ஊட்டிக்கு வந்திருக்கிறோம். பானையில் வடித்த சோறு எங்கள் ஊரில் மல்லிகைப்பூ மாதிரி வரும். இங்கே நடுவில் அரிசியாகவே இருக்கிறது.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று நம்பி நீங்கள் இறக்கிவிடுகிறீர்கள், அரிசிக்கோ சூடு போதவில்லை. குக்கருக்கு மாறிவிடுங்கள். அதன் மூடிக்குள் அழுத்தம் ஏறுவதால் சமவெளியில் தண்ணீர் 120 டிகிரி வரை போகும். மலையில் அதைவிடக் கொஞ்சம் குறையும், அதனால் ஒரு விசில் கூட்டிக்கொள்ளுங்கள். பானைச் சோறுதான் வேண்டும் என்றால் அரிசியை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மூடிவைத்து, கூடுதல் நேரம் வேகவிட்டு வடியுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மாவையெல்லாம் அங்கே குக்கர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

வெண்டைக்காய் கொழகொழ! (பெயர், ஊர் எதுவும் இல்லை, இரண்டே வார்த்தை)

கழுவித் துடைத்து உலர்ந்த பிறகு நறுக்குங்கள். அகலமான வாணலி, மூடி போடாதீர்கள், உப்பு கடைசியில். ஒரு ஸ்பூன் தயிரோ புளித்தண்ணீரோ விட்டால் கொழகொழப்பு அடங்கும்.

மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். நான் வைக்கிற ரசம் சாம்பாரின் தம்பி மாதிரி கெட்டியாக, கசப்பாக இருக்கிறது. அண்ணனாக நினைத்துச் சொல்லிக்கொடுங்கள். (திருச்சி)

முதலில் வாழ்த்துகள், அண்ணா. தாயும் பிள்ளையும் நலமாக வீடு வரட்டும்.

ரசத்தை நீங்கள் கொதிக்க விடுகிறீர்கள். அதுதான் கசப்புக்குக் காரணம். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து, உப்பு, மஞ்சள், பெருங்காயம் சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கட்டும். இந்தக் கொதி வேண்டியதுதான். அதற்குப் பிறகு மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப் போட்டு, பருப்புத் தண்ணீரை விளாவுங்கள். பருப்பு அல்ல, மேலே தெளிந்த தண்ணீர் மட்டும். இனி அடுப்பைவிட்டு நகராதீர்கள். ஓரத்தில் நுரை கூடும், நடுவுக்கு ஏறிப் பொங்கப் பார்க்கும். அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். மிளகு சீரகத்தைக் கொதிக்கவிட்டால் வாசனை வீட்டுக்குப் போய்விடும், ரசத்தில் தங்காது. நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, மல்லித்தழையைக் கிள்ளிப்போட்டு உடனே மூடுங்கள்.

மனைவி வந்ததும் ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்கு மிளகு ரசம் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு, காரம் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கீரை மசிச்சா கருத்துப்போகுது. (பாண்டிச்சேரி)

மூடி போடாமல் வேகவையுங்கள், அவ்வளவுதான். கீரையிலிருந்து வருகிற புளிப்பு ஆவியோடு போய்விட்டால் பச்சை நிற்கும். வெந்ததும் உடனே கடையுங்கள்.

மைசூர்பாகு செய்தேன். என் வீட்டுக்காரர் சுத்தியல் கேட்டார். (பெங்களூரு)

பாகு முற்றிவிட்டது. விரலுக்கிடையே ஒற்றைக் கம்பி இழுபடுகிற பதத்தில் கடலைமாவைத் தூவ வேண்டும். நெய் இன்னொரு அடுப்பில் சூடாகவே இருக்கட்டும். ஒவ்வொரு கரண்டி ஊற்றும்போதும் அது சொர்ரென்று நுரைத்து வர வேண்டும், அந்த நுரைதான் பாகில் துளைகளாக நிற்கிறது. ஓரம் விட்டு வாணலியில் ஒட்டாமல் திரண்டதும் தட்டில் கொட்டுங்கள். இன்னும் ஒரு நிமிஷம் என்று நின்றால் கல்தான்.

இறுகினதைத் தூக்கிப் போடாதீர்கள். உடைத்து மிக்ஸியில் பொடித்து, அரை டம்ளர் பால் விட்டு அடி கனமான பாத்திரத்தில் கிளறுங்கள். சுருண்டு வந்ததும் தட்டில் கொட்டினால் நல்ல பர்பி. மைசூர் அரண்மனையில் காகாசுர மாதப்பா என்ற சமையல்காரர் ராஜாவுக்காக அவசரத்தில் கிளறியதுதான் மைசூர்பாகு ஆனது என்று சொல்வார்கள். நீங்களும் உங்கள் பர்பிக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள்.

கல்யாணச் சீராக இரும்புத் தோசைக்கல் வந்தது. தோசை பிய்ந்து பிய்ந்து வருகிறது. நான்ஸ்டிக்குக்கே போய்விடலாமா? (சேலம்)

போகாதீர்கள் கண்ணு. பழகிய இரும்புக்கல் பேத்திக்கும் உழைக்கும்.

புதுக்கல்லை ஒருமுறை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வடிகஞ்சியில் ராத்திரி ஊறவைத்துக் காலையில் கழுவித் துடைப்பதை மூன்று நாள் செய்யுங்கள். பிறகு நல்லெண்ணெயை மெல்லிசாக, துடைத்தெடுத்த மாதிரி தடவி, புகை வரும்வரை காயவிட்டு ஆறவிடுங்கள். இதையும் நாலைந்து முறை செய்ய வேண்டும். சூட்டில் எண்ணெய் இறுகி இரும்பின் மேல் கறுப்புப் படலமாகிவிடும், ஒட்டாமல் காப்பது அதுதான். எண்ணெய் அதிகமானால் படலம் பிசுபிசுக்கும், அதனால் மெல்லிசு முக்கியம்.

முதல் வாரம் கனமான ஊத்தப்பம் மட்டும் போடுங்கள். முறுகல் தோசைக்கு அவசரப்பட வேண்டாம். ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சொய்யென்று ஓடி மறைய வேண்டும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, தீயைக் குறைத்த பிறகு மாவை விடுங்கள். கல் ரொம்பச் சூடாக இருந்தால் மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிடும்.

அந்தக் கல்லில் சப்பாத்தி மட்டும் போடாதீர்கள், வறண்ட சூட்டில் படலம் கருகிப் போகும். சப்பாத்திக்குத் தனிக் கல் வாங்கித் தரச்சொல்லி வீட்டில் இப்போதே கேட்டுவிடுங்கள், சீர் வந்த சூடு ஆறுவதற்குள் கேட்டால் கிடைக்கும்.