கென்யாவில் சோமாலியாவின் ஆயுதக் குழுவான அல்-ஷபாப் தாக்குதல்கள் இவ்வளவு நடத்தியதற்கு, கென்யா சோமாலியாவுக்குப் படை அனுப்பியது மட்டும்தான் காரணமா?

படை அனுப்பியது பெரிய காரணம், மறுக்க முடியாது. 2011 அக்டோபரில் கென்ய ராணுவம் எல்லை தாண்டிப் போன பிறகுதான் தாக்குதல்கள் பல மடங்கானது. ஆனால் "மட்டும்தான்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1998 ஆகஸ்ட் 7-ஐப் பாருங்கள். அல்-ஷபாப் என்ற அமைப்பே அப்போது கிடையாது. நைரோபி அமெரிக்கத் தூதரகத்துக்குப் பின்பக்கம் அல்-கொய்தா ஆட்கள் ஒரு லாரியில் வெடிகுண்டோடு வந்தார்கள். முதலில் கையெறி குண்டுச் சத்தம் கேட்டு, சுற்றியிருந்த அலுவலகங்களில் வேலை செய்தவர்கள் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள், அந்த நேரத்தில்தான் பெரிய குண்டு வெடித்தது. கண்ணாடி சிதறிக் கண் பார்வை போனவர்கள் அதனால்தான் அத்தனை பேர். பக்கத்திலிருந்த உஃபுண்டி கட்டடம் அப்படியே சரிந்தது. நைரோபியில் மட்டும் 213 பேர் செத்தார்கள், அவர்களில் அமெரிக்கர்கள் 12 பேர்தான், மற்ற எல்லோருமே அநேகமாகக் கென்ய மக்கள். இதைச் செய்த கும்பல் திடீரென்று வந்து இறங்கியதல்ல, சில வருடங்களாகவே நைரோபியிலும் மொம்பாசாவிலும் வீடு பிடித்து, தொண்டு நிறுவனம், மீன் வியாபாரம் என்று நடத்திக்கொண்டு அங்கேயே இருந்தவர்கள். 2002 நவம்பரில் மொம்பாசா அருகே கிகம்பாலாவில் ஒரு ஹோட்டலைத் தகர்த்து 13 பேரைக் கொன்றதும் அதே வட்டம்தான்.

சரி, உள்நாட்டில் இவர்களுக்கு ஆள் எப்படிக் கிடைத்தது? இங்கேதான் கென்ய அரசின் பழைய கணக்கு வருகிறது. வடகிழக்கில் வாழும் சோமாலி இனத்தவர் சுதந்திரத்தின்போது சோமாலியாவோடு சேர விரும்பினார்கள், 1967 வரை அங்கே ஒரு போரே நடந்தது, போர் முடிந்த பிறகும் 1991 வரை அந்தப் பகுதி அவசரநிலைச் சட்டத்தில்தான் இருந்தது. 1984 பிப்ரவரியில் அதே வடகிழக்கில் வஜீர் பக்கம் வகால்லா விமான ஓடுதளத்தில் சோமாலிகளில் ஒரு குலத்து ஆண்களை அரசுப் படையினர் பிடித்துவந்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் வெயிலில் நாள்கணக்கில் வைத்துச் சுட்டார்கள். செத்தவர்கள் என்று அரசு ஒப்புக்கொண்டது 57 பேர், பின்னாளில் விசாரித்த உண்மை ஆணையம் ஆயிரத்தை நெருங்கும் என்றது. கடற்கரைப் பக்கமும் குறை இருந்தது: நிலம் வெளியூர்க்காரர் கைக்குப் போனது, வேலை இல்லை. அல்-ஷபாபுக்கு ஆதரவாகப் பேசிய அபூத் ரோகோ என்ற மதப் பிரசாரகர் 2012 ஆகஸ்டில் மொம்பாசாவில் காரில் போகும்போது சுடப்பட்டார், கொன்றது யார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஊரே கலவரமானது. 2014-இல் நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் ஆயிரக்கணக்கான சோமாலிகளைப் பிடித்து கசரானி விளையாட்டரங்கில் அடைத்தார்கள். இதெல்லாம் கொலைக்கு நியாயம் ஆகவே ஆகாது. ஆனால் ஆள் பிடிப்பவனுக்குப் பேச வேண்டியதை அரசே எழுதிக் கொடுத்தது.

அல்-ஷபாப் நடத்திய பெரிய தாக்குதல்களைப் பாருங்கள். 2013 செப்டம்பர், நைரோபி வெஸ்ட்கேட் வணிக வளாகம், 67 பேர் செத்தார்கள். 2014-இல் கடற்கரைப் பக்கம் ம்பெகெடோனி என்ற ஊர். பிறகு 2015 ஏப்ரல் 2, வடகிழக்கில் கரிசா பல்கலைக்கழகம். விடியற்காலை விடுதிக்குள் புகுந்து, கிறிஸ்தவ மாணவர்களைப் பிரித்தெடுத்துச் சுட்டார்கள், பாதுகாப்புப் படையினரையும் சேர்த்து மொத்தம் 148 பேர் செத்தார்கள். சிறப்புப் படை நைரோபியிலிருந்து வந்து சேரப் பல மணி நேரம் ஆனது. வந்த பிறகு கொஞ்ச நேரத்தில் கதையை முடித்துவிட்டார்கள், அதனால்தான் அந்தத் தாமதத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. சுட்ட நால்வரில் ஒருவன் நைரோபி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த கென்யன், அப்பா அரசு அதிகாரி. 2019 ஜனவரியில் நைரோபி டூசிட் ஹோட்டல் வளாகத்தில் 21 பேரைக் கொன்றபோது தற்கொலைக் குண்டாக வந்தவன் மொம்பாசாக்காரன். "சோமாலியாவிலிருந்து வருகிறார்கள்" என்ற விளக்கம் இங்கே நிற்கவில்லை, பாருங்கள்.

"முஸ்லிம்கள் எதிர் கிறிஸ்தவர்கள்" என்று இதைச் சுருக்குபவர்கள் வடகிழக்கு எல்லையிலுள்ள மண்டேராவைப் பார்க்க வேண்டும். 2014 நவம்பரில் அங்கே ஒரு பேருந்தை மறித்து, முஸ்லிம் அல்லாதவர்கள் 28 பேரை இறக்கிக் கொன்றார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் அதே பக்கம் இன்னொரு பேருந்து. இந்த முறை முஸ்லிம் பெண்கள் தங்கள் துணியைக் கொடுத்து மற்றவர்களுக்குத் தலையை மூடிவிட்டார்கள், பிரிந்து நிற்க மறுத்து, கொன்றால் எல்லோரையும் சேர்த்துக் கொல்லுங்கள் என்று நின்றார்கள். சாலா ஃபாரா என்ற முஸ்லிம் ஆசிரியர் அதில் குண்டடி பட்டு 2016 ஜனவரியில் இறந்தார்.

இந்த வன்முறையில் அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. 2014-இல் பேருந்தில் கொல்லப்பட்டவர்களில் பலர் விடுமுறைக்கு ஊர் திரும்பிய ஆசிரியர்கள். அதற்குப் பிறகு வெளியூர் ஆசிரியர்கள் வடகிழக்கில் வேலை பார்க்க மறுத்தார்கள், 2020-இல் கரிசா அருகே மூன்று ஆசிரியர்கள் கொல்லப்பட்டதும் மிச்சமிருந்தவர்களில் நிறையப் பேரை அரசே இடம் மாற்றியது. அந்தப் பள்ளிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள், யாருக்காகப் போராடுவதாக அல்-ஷபாப் சொல்லிக்கொள்கிறதோ அவர்கள்.