வகுப்பில் வாய் திறக்க வரவில்லையே!

கேள்வி: முதுகலை படிக்க வெளிநாடு வந்து மூன்று மாதம் ஆகிறது. குழு விவாதத்தில் நான் பேசத் தயாராவதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துவிடுகிறார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. ‘உனக்குக் கருத்தே கிடையாதா?’ என்று சக மாணவி கேட்டுவிட்டாள். என்னையே மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியிருக்கும். ஆனால் அவர் பார்த்தது உங்கள் மௌனத்தை மட்டும்தானே? அதற்குள் இருக்கும் மரியாதை அவருக்கு எப்படித் தெரியும்? மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-லேயே இந்த வேறுபாட்டை எழுதினார். சில சமூகங்களில் பாதிச் செய்தியைச் சூழலும் முகக்குறிப்புமே சொல்லிவிடும். வேறு சிலவற்றில் வாய்விட்டுச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. முதல் வகையில் வளர்ந்த நீங்கள் இரண்டாம் வகையில் படிக்கிறீர்கள். இதற்காகக் குணத்தை மாற்ற வேண்டாம். மனதில் இருப்பதை வெளியே வைக்கப் பழகினால் போதும்.

விவாதத்தில் யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒருவர் முடிக்கப்போகும்போதே சற்று முன்னால் சாய்ந்து, ‘இதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்துவிடுங்கள். மீதி வாக்கியம் பேசப் பேச வரும். இலக்கணம் சரியா என்று மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். முதல் சில நிமிடங்களிலேயே ஒரு சின்னக் கேள்வியாவது கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போகத்தான் தயக்கம் கூடும். கேள்வியை முந்தின இரவே எழுதி வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. அந்த மாணவியிடமும், ‘யோசித்துப் பேசுவது என் பழக்கம், இடையில் என்னையும் ஒரு வார்த்தை கேள்’ என்று சொல்லிவிடுங்கள்.

பேராசிரியர் விஷயம் எளிது. ‘உங்களை எப்படி அழைக்கட்டும்?’ என்று அவரிடமே கேளுங்கள். பெயர் சொல்லச் சொன்னால் சொல்லுங்கள், அங்கே அது அவமரியாதை ஆகாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அவர்கள் உச்சரிப்பை அப்படியே காப்பியடிப்பது. எதிரில் இருப்பவருக்கு ஏற்பப் பேச்சைச் சற்று மாற்றுவது மனித இயல்பு என்று 1970-களிலிருந்து ஆராய்ந்துவரும் சமூக உளவியலாளர் ஹோவர்ட் கைல்ஸ் வழிவந்த ஆய்வுகளே, அது அளவு மீறினால் கேலியாகத் தோன்றலாம் என்கின்றன. நிதானமாக, தெளிவாகப் பேசுங்கள்.

அப்புறம், நாள் முழுக்க இன்னொரு மொழியில் யோசித்தால் மண்டை களைத்துப்போகும். மாலையில் உங்கள் மொழி பேசும் தோழியோடு அரைமணி நேரம் மனம்விட்டுப் பேசுங்கள். தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போகும் அளவுக்கு மனம் சோர்ந்தால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரை உடனே பாருங்கள்.