டிஸ்க் வேகமா, கணக்கு பத்திரமா?

கேள்வி: கடையின் பில் கணினியில் ரைட் கேஷ் இருந்தால் வேகம்தான், ஆனால் கரண்ட் போனால் பில்கள் அழியும் என்கிறார்கள். நிறுத்திவிடவா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். கேஷ் இருந்தால் டிஸ்க் தரவைத் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு 'எழுதியாச்சு' என்று சொல்லிவிடும், உண்மையில் எழுதுவது அப்புறம்தான். ஆனால் ஒழுங்கான டேட்டாபேஸ் பில்லைச் சேமிக்கும்போதே 'இப்பவே டிஸ்கில் இறக்கு' என்று ஃப்ளஷ் கட்டளை கொடுப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். வில்லங்கம் விண்டோஸில் ரைட் கேஷை இயக்கும் பெட்டிக்குக் கீழே இருக்கும் இரண்டாவது பெட்டியில். அதில் டிக் போட்டால் அந்த ஃப்ளஷே டிஸ்குக்குப் போகாது, யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள். யூபிஎஸ் இருந்தாலும் சரி, பற்றரி செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள், பல கடைகளில் அதுதான் கதி. புது எஸ்எஸ்டி டிஸ்க் வாங்குவதென்றால், கரண்ட் போன பிறகும் கையிலுள்ளதை எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் வைத்த சர்வர் ரகமாகக் கேளுங்கள், விலை கூடத்தான்.