பகடையும் மேடையும்: பேச்சு மன்றத்தைக் கதை விளையாட்டாக நடத்தலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு தமிழ்ப் பேச்சு மன்றம் நடத்துகிறோம். சமூக மன்றத்து அறையில் மாதம் 2 கூட்டம், ஒவ்வொன்றும் 2 மணி நேரம். முன்பு 25 பேர் வந்தார்கள், இப்போது 14 பேர்தான். என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரி நண்பர்களோடு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறான். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. வீட்டில் நாலு வார்த்தை பேச யோசிப்பவன் அந்த மேசையில் மணிக்கணக்கில் வசனம் பேசுகிறான். அதைப் பார்த்துத்தான் எங்கள் மன்றத்தையும் மந்திரவாதி, மாவீரன், மாயத்தீவு என்று ஒரு கதை விளையாட்டாக நடத்தினால் என்ன என்று தோன்றியது. எப்படித் தொடங்குவது? புள்ளிகள் தர வேண்டுமா? பதிவு ஏதும் தேவையா? 16 வயதுப் பிள்ளைகள் இருவர் வர ஆசைப்படுகிறார்கள், சேர்க்கலாமா? எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் "இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு" என்கிறார். அவர் மற்றவர்கள் பேசும்போதும் குறுக்கே புகுந்து திருத்துகிறவர். அவரை என்ன செய்வது?

பதில்: தாராளமாக நடத்தலாம். நான் முதல் தடவை நடத்திய மாதிரி மட்டும் நடத்திவிடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வழிநடத்திய ஒரு மன்றத்தில் இதே ஆசையோடு இறங்கினேன். வலிமை, சுறுசுறுப்பு, உடல்திடம், அறிவு, விவேகம், வசீகரம் என்று அந்த விளையாட்டின் ஆறு குணங்களையும் போட்டு ஆளுக்கொரு பாத்திர அட்டை அச்சடித்துக் கொடுத்தேன். பகடை உருட்டி எண்களை நிரப்பவே 40 நிமிடம் போனது. அப்புறம் குகைக்குள் ஒரு சண்டை. ஒவ்வொருவராக உருட்டி, கூட்டி, கழித்து முடிப்பதற்குள் காவலாளி அறையைப் பூட்ட வந்துவிட்டார். அன்று நாலு வாக்கியம் சேர்த்துப் பேசியவர்கள் எட்டுப் பேர். மற்ற ஆறு பேர் மாலை முழுவதும் சொன்னது "பதினேழு", "மூணு", "ஐயோ, ஒண்ணு" இவ்வளவுதான். திண்ணையில் தாயம் ஆடியிருந்தால்கூட இன்னும் கொஞ்சம் பேச்சு வந்திருக்கும்.

குறை விளையாட்டில் இல்லை. பொதுவாக நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஆடுவது அது. அங்கேயும் கதையை நடத்துகிறவர்தான் அதிகம் பேசுவார். அதைத் தூக்கி 14 பேர் கூட்டத்தில் வைத்தால் பிதுங்கத்தான் செய்யும். அன்றிலிருந்து ஒரே விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: பகடை சூழலைத் தீர்மானிக்கலாம், முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. முடிவு பேச்சால் வர வேண்டும்.

ஒரு பேச்சு மன்றத்தை விளையாட்டாக்குவது நினைப்பதைவிடச் சுலபம். ஏனென்றால் அது ஏற்கெனவே பாதி விளையாட்டுதான். ரால்ஃப் ஸ்மெட்லி கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்தின் முதல் கூட்டத்தை நடத்தியது 1924ல். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டது 1974ல். ஐம்பது ஆண்டு இடைவெளி இருந்தாலும் இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். ஆளுக்கொரு பொறுப்பு உண்டு, முறை வைத்துத்தான் வாய்ப்பு வரும், படிப்படியாக நிலை உயரும். டோஸ்ட்மாஸ்டர்ஸின் 'பாத்வேஸ்' பயிற்சியில் ஒவ்வொரு பாதையிலும் ஐந்து நிலைகள் இருக்கின்றனவே, அதை எந்த விளையாட்டுக்காரரிடம் காட்டினாலும் உடனே புரிந்துகொள்வார். ஆகவே புதிதாக இயந்திரம் எதுவும் செய்ய வேண்டாம். இருக்கிற கூட்டத்துக்கு ஒரு கதையை உடுத்திவிடுங்கள், போதும்.

நேரக் கணக்கை முதலில் போடுங்கள். தயாரித்த உரை மூன்று, ஆளுக்கு 7 நிமிடம் என்றால் 21. மூன்று மதிப்பீடு, 3 நிமிடம் வீதம் 9. உடனடிப் பேச்சு ஏழு பேர், 2 நிமிடம் வீதம் 14. ஆக, பேச்சு மட்டும் 44 நிமிடம். வரவேற்பு, அறிக்கைகள், இடைவேளை, தேநீர், அரட்டை எல்லாம் மீதி நேரத்தைத் தின்றுவிடும். கதை சொல்ல மொத்தம் 15 நிமிடம் ஒதுக்குங்கள், அதையும் மூன்று துண்டாக வெட்டுங்கள். பேசுகிறவருக்கு நேரம் காட்டும் அட்டைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு அப்படியே இருக்கட்டும். அழகுக்காக மணல் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மேடையில் நின்றவருக்கு மணலே தெரியவில்லை, 11 நிமிடம் பேசினார்.

சரி, கதைக்கு எங்கே போவது? டிராகனும் குள்ளர்களும் உங்கள் மகனுக்குப் பழக்கம். அவற்றை விளக்கவே உங்கள் மன்றத்து அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு கூட்டம் தேவைப்படும். காலடியிலேயே கதை கிடக்கும்போது அவ்வளவு தூரம் போவானேன்? நான் இப்போது எந்த மன்றத்திலும் முதல் மாலைக்கு எடுப்பது புக்கிட் மேரா கதை. மலாயில் 'செங்குன்று' என்று பொருள், ஆங்கிலத்தில் ரெட்ஹில். ரெட்ஹில் நிலையத்தில் தினமும் இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. கடலிலிருந்து வாள்மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து கரையில் நிற்பவர்களைக் குத்துகின்றன. அரசன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, அவர்கள் கால்களையே வேலியாக்குகிறான். ஆள் மேல் ஆள் சாகிறார்கள். ஒரு சிறுவன் வந்து, வாழைமரத் தண்டுகளை நட்டு வேலி போடச் சொல்கிறான். மீன்கள் தண்டில் குத்திச் சிக்கிக்கொள்கின்றன, ஊர் பிழைக்கிறது. பிறகு அமைச்சர்கள் அரசனிடம் போய், "இந்த வயதிலேயே இவ்வளவு அறிவு என்றால் வளர்ந்தால் ஆபத்து" என்கிறார்கள். சிறுவன் கொல்லப்படுகிறான். அவன் ரத்தத்தில்தான் குன்று சிவந்தது என்பது கதை.

ஒரு முழுக் கூட்டத்துக்கு வேண்டிய உரைகள் இதிலேயே இருக்கின்றன. சிறுவன் அரசனை 2 நிமிடத்தில் சம்மதிக்க வைக்க வேண்டும். ஓர் அமைச்சர் அவனைக் கொல்ல வேண்டும் என்று 7 நிமிடம் வாதாட வேண்டும், அவன் தாய் அதை மறுத்துப் பேச வேண்டும். சபை கை தூக்கி முடிவு சொல்லும். நான் நடத்திய மாலைகளில் சிறுவன் பலமுறை பிழைத்திருக்கிறான். ஒரு தடவை அமைச்சராக நின்றவர் அவ்வளவு நன்றாகப் பேசியதால் செத்துப்போனான். அன்று யாருக்கும் தேநீர் இறங்கவில்லை.

இந்தக் கதையை முதன்முதலில் எடுத்த மாலையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாக மன்றத்துக்கு வரும் ஓர் அக்காவுக்குச் சிறுவன் வேடம் விழுந்தது. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் தலைவருக்கு, நடுவருக்கு, வந்திருப்போருக்கு, வராதோருக்கு என்று முதல் ஒரு நிமிடத்தை வணக்கத்திலேயே கழிக்கிறவர். அன்றும் எழுந்து, "அவைக்கு என் முதற்கண் வணக்கம். கற்றறிந்த சான்றோர்…" என்று தொடங்கினார். அரசனாக உட்கார்ந்திருந்தவர் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, "டேய், மீன் குத்துதுடா! சீக்கிரம் சொல்லு!" என்று கத்தினார். அக்கா ஒரு கணம் திகைத்தார். பிறகு, "ராஜா, காலை எடுங்க, வாழைமரத்தை வைங்க!" என்றார். எட்டு வருடமாக மதிப்பீட்டுத் தாளில் 'தொடக்கத்தைச் சுருக்கவும்' என்று எழுதிக் கொடுத்து நடக்காதது ஒரு மீனால் நடந்தது. இதற்காகத்தான் வேடம். தன் முகத்தோடு நிற்கும்போது விட முடியாத பழக்கத்தை இன்னொருவர் முகத்தோடு நின்றால் விட முடிகிறது.

மொழிக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. சிங்கப்பூரில் 2005ல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத் தமிழையும் வகுப்பறைக்குள் கொண்டுவர வலியுறுத்தியது. ஆனால் நம் மேடைகளில் இன்னமும் எழுத்துத் தமிழைத்தான் பேச்சு என்று எண்ணுகிறோம். பள்ளியில் பேசிப் பழகியதும் மேடையில் கேட்பதும் வேறு வேறாக இருப்பதால் இளைஞர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். கதையில் இந்தச் சிக்கல் தானாகத் தீர்கிறது. அமைச்சர் செந்தமிழில்தான் பேச வேண்டும், படகோட்டி அப்படிப் பேசினால் சிரிப்பார்கள். காப்பிக்கடைக்காரர் பாத்திரம் சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கில் வாக்கிய முடிவில் 'லா' போடலாம், தூதுவர் போட்டால் இலக்கணம் கவனிக்கிறவர் குறித்துக்கொள்ளட்டும். உங்கள் மகனை முதலில் படகோட்டி ஆக்குங்கள். மூன்று மாதம் கழித்து அமைச்சராக நிற்பான்.

உடனடிப் பேச்சுக்கு விக்கிரமாதித்தனின் வேதாளத்தை அழைத்தால் போதும், வேறு வழியே வேண்டாம். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்து விடை சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். அதாவது, ஒருவர் நன்றாகப் பேசினால்தான் வேதாளம் தப்பிக்கும், உடனே அடுத்தவர் எழுந்து பிடித்துவர வேண்டும். முறை மாற்றுவதற்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் எந்த விளையாட்டு நூலிலும் பார்க்கவில்லை. வேதாளத்தின் கேள்விகள் மட்டும் இன்றைக்குரியதாக இருக்கட்டும்: பக்கத்து வீட்டு வாசனை, பெருவிரைவு ரயிலில் இடம் விடாதவர், பாட்டியின் கைப்பேசி.

பகடையை இங்கே பயன்படுத்தலாம். 20 முகப் பகடை ஒன்றே ஒன்று போதும். பேசப் போகிறவர் மேடை ஏறுமுன் உருட்டட்டும். 5க்குள் விழுந்தால் கேட்பவர் கோபத்தில் இருக்கிறார். 6 முதல் 15 வரை என்றால் சாதாரணம். அதற்கு மேல் என்றால் கேட்பவர் ஏற்கெனவே உங்கள் பக்கம். அவரை இன்னும் பெரிய உதவி கேட்டுச் சம்மதிக்க வைக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. பகடையைக் கண்டு மிரளும் அக்காக்களிடம், "தாயம் விழுந்தால்தானே காய் இறங்கும், அது மாதிரிதான்" என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே கற்றுக்கொடுப்பார்கள்.

மதிப்பீட்டில் மட்டும் கறாராக இருங்கள். மதிப்பீட்டாளர் எழும்போது எல்லோரும் வேடத்தைக் கழற்றிவிட வேண்டும். "அமைச்சரே, உங்கள் மனசு கல்" என்பது மதிப்பீடு அல்ல. "இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது கண் தாளுக்குப் போய்விட்டது" என்பதுதான் மதிப்பீடு. நாங்கள் ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தோம். தோளில் போட்டால் அமைச்சர், தலையில் கட்டினால் படகோட்டி, இடுப்பில் கட்டினால் காவலாள். மதிப்பீட்டு நேரத்தில் துண்டு நாற்காலி முதுகுக்குப் போய்விடும். உடைக்கு வேறு செலவே வேண்டாம். ஒருவர் ஆர்வக்கோளாறில் தேக்கா சந்தையிலிருந்து நிஜ வாழைத்தண்டே வாங்கி வந்தார். அது அடுத்த கூட்டத்துக்குக் கூட்டாக வந்தது.

புள்ளிகள் கொடுங்கள், ஆனால் செய்த வேலைக்கு மட்டும். உரை ஆற்றினால் இத்தனை, நேரம் பார்த்தால் இத்தனை, நாற்காலி அடுக்கினாலும் இத்தனை. நன்றாகப் பேசியதற்கு என்று புள்ளி வைக்காதீர்கள், சுவரில் பட்டியலும் ஒட்டாதீர்கள். எதிலும் பின்தங்கிவிடக் கூடாது என்று பதறும் நம் ஊர்க் கியாசு மனம் உங்களுக்குத் தெரியும். இரண்டே மாதத்தில் யார் எத்தனை புள்ளி என்ற கணக்கு வழக்கில் மன்றம் மூழ்கிவிடும். அவரவர் அட்டை அவரவர் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. அந்த விளையாட்டுகளில் பாத்திரத்துக்கு ஓர் 'இனம்' தேர்ந்தெடுப்பது நெடுநாள் வழக்கம். நம் ஊரில் அது வேண்டாம், தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எந்த மதத்துத் தெய்வமும் பாத்திரமாக வேண்டாம்.

பதிவு விஷயம். சிங்கப்பூரின் சங்கங்கள் சட்டம் 10 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்த மன்றத்தையே சங்கமாகக் கருதுகிறது, நீங்கள் 14 பேர். மக்கள் கழகத்தின் கீழ் உள்ள இந்திய நற்பணிச் செயற்குழுவின் அங்கமாக ஏற்கெனவே இயங்குகிறீர்கள் என்றால் அவர்களிடம் பேசினால் போதும், கதைக்காகத் தனிப் பதிவு வேண்டியிருக்காது. தனித்து இயங்குகிறீர்கள் என்றால் முதலில் பதிவைக் கவனியுங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸில் புது மன்றமாகச் சேர 20 உறுப்பினர் வேண்டும், எல்லோரும் 18 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். உங்கள் 16 வயதுப் பிள்ளைகளைப் போன்றவர்களுக்கு 'கேவல் கிளப்' என்று தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இந்த இணைப்பு எதுவும் இல்லாத மன்றம் என்றால் பெற்றோர் சம்மதத்தோடு தாராளமாகச் சேருங்கள். சிறுவன் வேடத்துக்கு நிஜமான சிறுவர்கள் கிடைத்த மாதிரியும் ஆயிற்று.

எல்லாக் கூட்டத்தையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். மாதத்தில் ஒரு கூட்டம் வழக்கம்போல் நடக்கட்டும், ஒன்று மட்டும் கதை மாலை. மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். புக்கிட் மேராவுக்கு அடுத்து பதாங் கதையை எடுக்கலாம். பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வருகிறது: இந்தியக் கரையிலிருந்து ஓர் அரசன் ஏழு கப்பல் சரக்கைப் பந்தயம் வைத்துத் தன் மல்லனைச் சிங்கபுரத்துக்கு அனுப்புகிறான். சிங்கபுரத்து மல்லன் பதாங் ஒரு பாறையைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் எறிகிறான். 1843ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட, எழுத்துப் பொறித்த 'சிங்கப்பூர்க் கல்'தான் அது என்று சொல்வாருண்டு. மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. பந்தயத்தில் தோற்று ஊர் திரும்பும் அந்த இந்திய மல்லன் தன் அரசனிடம் என்ன சொல்லியிருப்பான்? ஏழு நிமிட உரைக்கு அதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியாது.

உங்கள் மூத்த உறுப்பினரிடம் வாதாட வேண்டாம். முதல் மாலையில் அவரை அரசனாக உட்கார வையுங்கள். அந்தக் கதையில் குறுக்கே பேச அனுமதி உள்ள ஒரே ஆள் அவர்தான்.