மாக்ஸ் கோவேரி யார்?

அன்புள்ள சார்,

கார்களைச் சறுக்கவிட்டு ஓட்டும் வீடியோக்களில் வரும் ‘ரன்னிங் இன் தி 90ஸ்’ பாட்டு பிடித்துப்போய், பாடிய மாக்ஸ் கோவேரி யாரென்று தேடினேன். அப்புறம் நிகோ என்பவரின் ‘நைட் ஆஃப் ஃபயர்’ கேட்டால் அதே குரல். இரண்டு பேரும் மவுரிட்சியோ தே யோரியோ என்ற ஒரே இத்தாலியராம். ஒரே ஆள் இத்தனை பெயரில் பாடுவது ரசிகனை ஏமாற்றுவதில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்குப் பாம்புச்செவிதான். டேஜோ, மார்கோ போலோ என்று அவருக்கு இன்னும் பெயர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் மாக்ஸ் கோவேரி என்ற பெயர் முதலில் அவருடையதே இல்லை, 80களில் வேறொரு பாடகர் அந்தப் பெயரில் பாடியிருக்கிறார். ஆள் மாறினாலும் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்தப் பாட்டுகளின் வகைக்குப் பெயர் யூரோபீட், வேகமான நடன இசை. அது இத்தாலியில் சமைத்து ஜப்பானில் பரிமாறிய விருந்து. டோக்கியோவின் ஏவெக்ஸ் நிறுவனம் 1990-ல் சூப்பர் யூரோபீட் தொகுப்பைத் தொடங்கி 2018 வரைக்கும் 250 தொகுதிகளைக் கொண்டுவந்தது. அத்தனைக்கும் பாட்டு வேண்டும், வட இத்தாலியில் மாந்தோவா மாதிரி ஊர்களின் ஸ்டூடியோக்களில் இருந்ததோ ஒரு சின்னக் கூட்டம். இன்றைக்கு ஒருவர் பாட மற்றவர் கோரஸ் கொடுப்பார், மறுநாள் இன்னொரு பெயரில் இன்னொரு பாட்டு. சிடி அட்டையில் ஒரே பெயர் ஐந்தாறு தடவை வந்தால் வாங்குகிறவன் யோசிப்பானா மாட்டானா?

வேலையும் லேசுப்பட்டதல்ல. நிமிடத்துக்கு 150க்கு மேல் தாளம், முதலில் சிந்தசைசர் ஒரு சுற்று அலறி முடிக்கும், பல்லவிக்கு முன்னால் குரல் அடக்கமாகத் தொடங்கி படிப்படியாக ஏறி, பல்லவி வந்ததும் அடித்தொண்டையிலிருந்து திறந்துவிட வேண்டும், அதற்குள் மறுபடி சிந்தசைசர் வந்து மேலே விழும். தே யோரியோவின் உச்சக் குரலில் லேசாக ஒரு கரகரப்பு இருக்கும், உங்களுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது அதுவாகத்தான் இருக்கும். ராப்சடி என்ற மெட்டல் குழுவின் ஃபாபியோ லியோனே கூட ஜே. ஸ்டார்ம் என்ற பெயரில் இதே வேலையைச் செய்தவர்தான்.

சரி, ஏமாற்று என்று கேட்டீர்கள். அதே இத்தாலியில் 1989-ல் பிளாக் பாக்ஸ் குழுவின் ‘ரைடு ஆன் டைம்’ பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. திரையில் வாயசைத்தவர் ஒரு மாடல், குரல் லொலீட்டா ஹாலோவே என்ற அமெரிக்கப் பாடகியின் பழைய பாட்டிலிருந்து எடுத்தது. 1993-ல் வந்த ‘ரிதம் ஆஃப் தி நைட்’டிலும் முகம் பிரேசில்காரர் ஓல்கா சூசா, குரல் ஜொவான்னா பெர்சோலா. ஏமாற்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஒருத்தியின் தொண்டையை இன்னொருத்தியின் முகத்தில் ஒட்டுவது. தே யோரியோ யாருடைய குரலையும் எடுத்துக்கொள்ளவில்லை, பெயர் எதுவானாலும் பாடியது அவர்தான்.

என் மனத்தாங்கல் வேறு. இன்னொரு யூரோபீட் பாடகர் டேவ் ராஜர்ஸ், அதுவும் புனைபெயர்தான், ஜான்கார்லோ பாஸ்குவினி என்பது நிஜப் பெயர். ஆனால் அவரை ஜப்பானில் மேடையேற்றி அந்தப் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். அவர் ஏ-பீட் சி என்ற யூரோபீட் இசை நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், கடைக்கே சொந்தக்காரர். கூலிக்குப் பாடியவருக்குப் பத்துப் பெயர் கிடைத்தது, ஒன்றும் நிலைக்கவில்லை.

லெஸ்லி பாரிஷ், செர்ரி ஆகிய பெயர்களில் வந்த பாட்டுகளையும் கேளுங்கள். இரண்டும் கிளாரா மொரோனி. இத்தாலிக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும், ராக் பாடகர் வாஸ்கோ ரோஸ்ஸிக்குப் பின்னால் நின்று பல வருஷம் கோரஸ் பாடியவர் என்று. யூரோபீட் பாடியவர் என்றால் அங்கே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.