யூரோவிஷனில் ஜெமினி இசைக்குழு ஒரு புள்ளிகூடப் பெறாதது ஏன்?

லிவர்பூலைச் சேர்ந்த ஜெம்மா ஏபி, கிறிஸ் கிராம்பி என்ற இருவர் கொண்ட ஜெமினி குழு, 2003 மே 24 அன்று லாட்வியாவின் ரீகாவில் நடந்த, ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான பாடல் போட்டியான யூரோவிஷனின் இறுதிப் போட்டியில் பிரிட்டன் சார்பில் பாடி, 26 நாடுகளில் கடைசி இடத்தைப் பெற்றது. 1957 முதல் பங்கேற்றுவந்த பிரிட்டனுக்குப் பூஜ்ஜியம் கிடைத்தது அதுவே முதல்முறை.

நேர்முக வர்ணனையாளர் டெர்ரி வோகன் இதற்கு ஈராக் போர் மீதான ஐரோப்பியர்களின் கோபத்தைக் காரணமாகச் சுட்டினார். ஆனால், தொடக்க வரிகளிலேயே ஜெம்மாவின் குரல் சுருதி விலகியதை ஒளிப்பதிவில் எவரும் கேட்கலாம் என்பதால், அரசியலை மட்டும் காரணமாக்குவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மேடையில் பின்னணி இசை தங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று குழுவினர் விளக்கினர்.

பூஜ்ஜியம் என்றால் ஒருவருமே வாக்களிக்கவில்லை என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. அப்போது ஒவ்வொரு நாடும் தன் முதல் பத்துப் பாடல்களுக்கு மட்டுமே 12, 10, பிறகு 8 முதல் 1 வரை புள்ளி வழங்கியதால், எல்லா நாடுகளிலும் பதினோராம் இடம் பிடித்த பாடலுக்கும் (வேடிக்கைதான்!) பூஜ்ஜியமே மிஞ்சியிருக்கும்.

அவர்களுடைய பாடல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம்வரை வந்தபோதிலும், குழு விரைவிலேயே கலைந்துபோனது.